சொல்லாத வீடுகள்

1935 டிசம்பர் 15, ஞாயிறு, காலை.
வியாழக்கிழமை செய்து இன்றுதான் குறிக்கும் பிழை: கூட்டத்துக்கான தபாலட்டைகளில் 'குடும்பத்துடன் வருக' என்று எழுதி, எல்லாவற்றையும் ஆண்களின் பெயருக்கே அனுப்பிவிட்டேன். வீடுகளுக்குப் போய்ப் பெண்களிடம் சொல்லவில்லை. நேரம் இருக்கவில்லை என்று எழுதலாம். ஆனால் நேரம் இருந்தது. சின்னப் பிழைதான் என்று நினைக்கிறேன்.

தவமணி கடைசி வரியை இன்னொரு முறை வாசித்தாள். 'நினைக்கிறேன்' என்பதை அடித்துவிடலாமா என்று யோசித்தாள். பிறகு இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

மாலை வகுப்பில் தட்டச்சும் சுருக்கெழுத்தும் படிக்கச் சேர்ந்தபோது ஆசிரியர் சொன்னார்: அன்றன்று விடும் பிழையை அன்றன்றே குறித்து வையுங்கள். அவர் சொன்னது தட்டச்சுப் பிழையை. தவமணி எல்லாப் பிழையையும் குறித்து வைத்தாள். கறிக்கு உப்புக் கூடியது, பக்கத்து வீட்டுச் சீனத்திக்குப் பதில் வணக்கம் சொல்ல மறந்தது, எல்லாம் அந்த நாட்குறிப்பில் இருந்தன.

"பிள்ளை! அந்தப் பழந்துணியைக் கொண்டா!"

வெளியே ஐயா, அவளுடைய தகப்பன் அப்புத்துரை, கார் கழுவிக்கொண்டிருந்தார். பழைய ஆஸ்டின். கடலுக்கு அக்கரையில் உள்ள பிறை ஊர் ரயில் நிலையத்தில் முப்பது வருஷம் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற கையோடு வாங்கியது. அதை வாங்கியது பினாங்கில் ஓட்டுவதற்கு அல்ல. கப்பலில் ஏற்றி ஊருக்குக் கொண்டுபோய், யாழ்ப்பாணத்தில் தன் வீட்டு வாசலில் நிறுத்துவதற்கு. அதில் ஒரே ஒரு சிக்கல். வீட்டு வாசல் வரைக்கும் கார் போகிற பாதை அங்கே இல்லை, குறுகிய ஒழுங்கை ஒன்றுதான். பாதைக்கென்று இருந்த பணத்தை வேறு வேலைக்குத் திருப்பியது அவருடைய சொந்த மகள்.

அந்த மகள், தவமணியின் அக்கா ஞானாம்பிகை, இப்போது முன்னறையில் தன் பேச்சுக்குக் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தாள். இலங்கை அரசாங்க சபையில் வடபகுதித் தொகுதி ஒன்றின் அங்கத்தவர் அவள். ஆண்களே நிறைந்த சபை. போன வருஷ இடைத்தேர்தலில் வென்றவள். ஐயாவுக்கு நெஞ்சுவலி என்று தந்தி போனதும் கப்பலேறி வந்தாள். வந்து இறங்கியபோது ஐயா எழுந்து நடமாடிக்கொண்டிருந்தார். ஆனால் வந்த சில நாளிலேயே வேறொரு செய்தி வந்தது. சபை கலைகிறது. தை மாதம் வேட்புமனு, மாசியில் தேர்தல். புதன்கிழமைக் கப்பலில் அவள் திரும்பியாக வேண்டும்.

பினாங்கில் அந்தத் தேர்தலுக்கு ஒரு வாக்குப்பெட்டியும் வைக்கப்போவதில்லை. ஆனால் அவளுடைய தொகுதியில் பாதி வீடுகளில் அடுப்பெரிவது மலாயாவில் உழைக்கிறவர்களின் காசில். 'இவவுக்குப் போடுங்கோ' என்று பினாங்கிலிருந்து ஒரு வரி போனால், அந்த வீட்டு வாக்கெல்லாம் ஒரே பெட்டியில் விழும். அதனால்தான் இன்று நாலு மணிக்கு யாழ்ப்பாணத்தார் சங்க மண்டபத்தில் கூட்டம்.

துணியைக் கொடுத்தபோது ஐயா நிமிரவில்லை.

"கொக்கா என்ன பேசப்போறா?"

"அக்கா பேசப்போறது பிள்ளைப்பேற்று விடுதியைப் பற்றித்தான், ஐயா."

"றோட்டைப் பற்றி?"

தவமணி தண்ணீர் வாளியை அவர் பக்கம் நகர்த்தினாள். ஐயா விளக்குக் கண்ணாடியை அழுத்தித் துடைத்தார்.

"தியாகராஜாவுக்கு வேலை பழக்கினது நான். இண்டைக்கு அவன் சங்கத் தலைவர். அவனுக்கு முன்னால என்ர பிள்ளை வெறுங்கையோட திரும்பக்கூடாது. அதைக் கொக்காட்டச் சொல்லு."

தவமணி சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்று யோசித்து முடிப்பதற்குள் நாலு மணியாகிவிட்டது.

மண்டபத்தில் ஆண்கள் நிறைந்திருந்தார்கள். கோட்டும் தலைப்பாகையுமாகச் சிலர், வெறும் சட்டையோடு சிலர். கப்பல் கம்பெனிக் கிளார்க்குகள், ரயில்வேக்காரர்கள், ஆசிரியர்கள், பாகான் டாலாமிலிருந்து படகேறி வந்தவர்கள். பின்பக்கம் பெண்கள் உட்காரவென்று போட்டிருந்த வாங்குப் பலகைகள் அப்படியே வெறுமையாகக் கிடந்தன.

 இன்னும் வருவார்கள் என்று தவமணி வாசலைப் பார்த்தாள். அக்கா பேசத் தொடங்கிய பிறகும் பார்த்தாள். ஒருவரும் வரவில்லை.

ஞானாம்பிகை சுருக்கமாகப் பேசினாள். ஒரு வேலைக்குத்தான் பணம் இருந்தது. பாதையா, பிள்ளைப்பேற்று விடுதியா என்று வந்தது. விடுதி என்று கேட்டு வாங்கினேன். சுவர் இடுப்பளவு எழும்பி நிற்கிறது. அடுத்த வருஷப் பணமும் வந்தால் கூரை போடலாம். நான் அங்கே இல்லாவிட்டால் அது இடுப்பளவிலேயே நிற்கும்.

முன்வரிசையில் ஒருவர் எழுந்தார். "எங்களுக்கும் பென்சன் வருது. நாங்களும் ஊருக்குப் போறம். உம்மட ஐயாவின்ர காரே வாசலுக்குப் போகாதாம், பிள்ளை!"

மண்டபம் சிரித்தது. ஐயா தன் கைத்தடியைப் பார்த்தபடி இருந்தார்.

"ஓம், போகாது," என்றாள் ஞானாம்பிகை. "ஐயா ஒழுங்கை முகப்பில இறங்கி நடப்பார். பிள்ளை நோக்கண்டவள் பட்டணத்து ஆசுபத்திரிக்கு நடக்கேலாது."

சிரிப்பு நின்றது. இரண்டு மூன்று பேர் கைதட்டினார்கள். தவமணி அந்தப் பதிலைச் சுருக்கெழுத்தில் அவசரமாகப் பதிந்தாள். நன்றாகத்தான் போகிறது என்று நினைத்த அந்தக் கணத்தில் தலைவர் தியாகராஜா எழுந்தார். ரயில்வேயில் தொடங்கி, இப்போது பெரிய கப்பல் கம்பெனியின் தலைமைக் கிளார்க். மெதுவாகப் பேசுகிறவர்.

"கெட்டித்தனமான பேச்சு. நான் ஒண்டு மட்டும் கேக்கிறன். எல்லாரும் ஒருக்காப் பின்னால திரும்பிப் பாருங்கோ."

நாற்காலிகள் கிறீச்சிட்டன. எல்லோரும் திரும்பினார்கள்.

"அந்த வாங்கில ஆர் இருக்கினம்? பொம்பிளையளுக்காகப் பேசிற கூட்டம். ஒரு பொம்பிளை வரேல்லை. எங்கட வீட்டுப் பெண்டுகளுக்கே தேவையில்லாத விடுதிக்கு, நாங்கள் ஏன் ஊருக்கு எழுதவேணும்?"

ஞானாம்பிகை தன் குறிப்புத் தாளை மடித்தாள்.  

தவமணியின் பென்சில் நின்றுவிட்டது.

"செவ்வாய்க்கிழமை நிர்வாகக் குழு கூடும்," என்றார் தியாகராஜா. "அதுக்கு முன்னம் ஒரு சொல் தாருங்கோ, தங்கச்சி. முதல் றோட்டு, பிறகு விடுதி. சங்கம் ஒரே குரலில எழுதும். இல்லாட்டி, அவரவர் விருப்பம்."

வீட்டுக்கு வந்ததும் ஐயா கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்தார்.

"ஒரு சொல்தானே, பிள்ளை. சொல்லிப்போட்டுப் போ. சபைக் கதிரையில ஏறி இருந்தாப்பிறகு விரும்பினதைச் செய்யலாம்."

"அப்படிச் சொல்லிப்போட்டு வந்தவைதான் அங்க கனபேர் இருக்கினம், ஐயா. விரும்பினதைச் செய்த ஒருத்தரையும் நான் காணேல்லை."

"அப்ப தோத்துப்போய் வந்து நில்."

"விடுதி தேவையில்லை எண்டு பொம்பிளையளே சொன்னா, நான் தோக்கிறதுதான் சரி." ஞானாம்பிகையின் குரல் முதல் முறையாகத் தளர்ந்தது. "அதைத்தான் நான் நினைச்சுக்கொண்டு வந்தனான். ஒருத்தி கூட வரேல்லையே, தவம்."

இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல முடியாது என்று தவமணிக்குத் தெரிந்தது.

"அது என்ர பிழை, அக்கா. நான் வீடுகளுக்குப் போய்ச் சொல்லேல்லை. தபாலட்டைதான் போட்டனான்."

அக்காவும் ஐயாவும் ஒரே நேரத்தில் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர்கள் ஆட்களிடையே அது சின்ன விஷயமல்ல. ஒரு விசேஷம் என்றால் வீட்டுக்குப் போக வேண்டும். வீட்டுக்காரியை வெளியே அழைத்து, முகம் பார்த்து, 'நீங்கள் கட்டாயம் வரவேணும்' என்று சொல்ல வேண்டும். அட்டை என்பது ஆணுக்குத் தேதியை நினைவூட்ட. சொல்லாத வீட்டிலிருந்து ஒரு பெண்ணும் படி இறங்க மாட்டாள். பினாங்கிலேயே பிறந்து வளர்ந்த தவமணிக்கு அது தெரியாமல் இல்லை. இது கலியாணமா, வெறும் கூட்டந்தானே என்று நினைத்துவிட்டாள்.

அக்கா திட்டுவாள் என்று காத்திருந்தாள். ஞானாம்பிகை நெற்றியில் கைவைத்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள்.

"பத்து வருஷம் ஊரில குடும்பம் நடத்திறன். எனக்கெல்லோ முதல் ஞாபகம் வந்திருக்க வேணும்! சரி, எழும்பு. முகத்தைக் கழுவு. இப்பவே போவம்."

"ஆற்ற வீட்டுக்கு?"

"தலைவர் வீட்டுக்கு. அவற்ற மனிசி பூரணத்திட்ட."

போகும் வழியில் ரிக்‌ஷாவைச் சூலியா தெருவில் நிறுத்தி, மீரா சாகிப் கடையில் வெற்றிலையும் கற்கண்டும் வாங்கினார்கள். வெற்றிலையை ஈரத் துணியிலிருந்து எடுத்து அடுக்கியபடி அவர் கேட்டார்:

"என்ன தங்கச்சி, இந்த நேரத்துல? நிச்சயதார்த்தமா?"

"இல்லை, மீரா நானா. தேர்தல். அக்கா இலங்கையில நிக்கிறா."

"பொம்பளையா? பொம்பளைக்கு ஓட்டுப் போடவும் விடுறாங்களா அங்க?"

"போடவும் விடுவினம், நிக்கவும் விடுவினம்."

மீரா சாகிப் கடைக்குள் திரும்பிக் கூவினார். "கேட்டியாடா! அங்க பொம்பளைக்கு ஓட்டாம். இங்க ஆம்பளைக்கே கெடயாது லா!" பிறகு ஒரு பிடி வெற்றிலையைக் கூடுதலாக எடுத்து வைத்தார். "இது என் ஓட்டுன்னு வச்சுக்குங்க."

பேராக் சாலையில் தியாகராஜாவின் வீடு. அவர் இன்னும் சங்கத்திலிருந்து வரவில்லை. பூரணம் மேசையில் எழுதிக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை ஊருக்குத் தபால் போகும் நாள். ஞாயிறு மாலையில் பினாங்கின் யாழ்ப்பாணத்தார் வீடுகளில் எல்லாம் இந்த வேலைதான் நடக்கும். கனத்த உடம்பு, மூக்கின் இரு பக்கமும் மின்னும் மூக்குத்திகள். இவர்களைக் கண்டதும் எழுந்தாள். ஆனால் வாசலுக்கு வரவில்லை.

"வாங்கோ. கூட்டம் முடிஞ்சுதாம்."

ஞானாம்பிகை வெற்றிலைத் தட்டை நீட்டினாள். "பிழை பொறுக்க வேணும், அக்கா. சொல்ல வந்தனாங்கள்."

"முடிஞ்ச கூட்டத்துக்கோ?"

"தபாலட்டை போட்டனான்…" என்று தவமணி தொடங்கினாள்.

"வந்தது, வந்தது. 'குடும்பத்துடன் வருக'. நான் என்ன, இவர் கையில பிடிச்சுக்கொண்டு போறதுக்குக் குடையோ?"

தவமணியின் காது சுட்டது. ஞானாம்பிகை தட்டைத் தாழ்த்தவில்லை. பூரணம் பேனாவை மறு கைக்கு மாற்றி, அதை வாங்கி மேசையில் வைத்தாள்.

"இருங்கோ. தேத்தண்ணி குடிப்பியள்தானே."

தேநீர் வந்தது. பூரணம் பேனாவைக் கையிலேயே வைத்திருந்தாள்.

"இவர் அங்க பெரிசாச் சொல்லியிருப்பார், சங்கம் எழுதும் எண்டு. காசு அனுப்புறது இவர். கடிதம் எழுதிறது நான். ஊரில மாமிக்குக் கண் தெரியாது. பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்து வாசிக்கும். நான் எழுதினதைத்தான் வாசிக்கும். இந்தத் தெருவில எல்லா வீட்டிலயும் இதுதான்."

தவமணி அக்காவைப் பார்த்தாள். அக்கா கோப்பையை மெல்ல வைத்தாள். இருவருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. நாலு மணிக்கு அவர்கள் பேசியது கடிதம் எழுதாதவர்களிடம்.

"அப்ப கேளுங்கோ, அக்கா. என்ன வேணுமெண்டாலும் கேளுங்கோ."

பூரணம் கேட்டாள். ராவிலும் மருத்துவிச்சி இருப்பாளா? இருப்பாள். வெள்ளைக்காரியா, எங்கட ஆளா? எங்கட ஆள், கொழும்பில் படித்து வந்தவள். வீட்டிலிருந்து சோறு கொண்டுபோகலாமா? கொண்டுபோகலாம். புருஷன்மார் உள்ளே வருவார்களா? வரமாட்டார்கள். பூரணத்தின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. என்னுடைய மூத்தவனைப் பெறும்போது மூன்று நாள் கிடந்தேன் என்று அவளே சொன்னாள். பிறகு பேனாவின் நுனியைப் பார்த்தபடி, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

"எல்லாச் சாதியும் ஒரு கூரைக்குள்ளயோ?"

தவமணி தரையைப் பார்த்தாள். 'யோசிக்கிறம்' என்று சொல்லலாம். 'அது வேற ஆக்கள் பாக்கிற விஷயம்' என்று சொல்லலாம். சொல்லிவிடு அக்கா, என்று அவள் மனம் கெஞ்சியது. செவ்வாய்க்கிழமைக்கு இன்னும் ஒரு நாள்தான் இருக்கிறது.

"ஓம்," என்றாள் ஞானாம்பிகை. "ஒரு கூரை. ஒரு மருத்துவிச்சி. ஒரு கிணறு."

பூரணம் பேனா நுனியிலிருந்து கண்ணை எடுத்தாள்.

"உம்மட ஐயாவுக்குத் தெரியுமோ?"

"அவர் கேக்கேல்லை."

"கேட்டா?"

"இதைத்தான் சொல்லுவன்."

"நீர் தோத்துப்போவீர், தங்கச்சி."

"தோக்கலாம்."

பூரணம் பேனாவை மூடினாள். எழுதியிருந்த கடிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அவர்களை எழுந்து போகச் சொல்லப்போகிறாள் என்று தவமணி நினைத்தாள்.

"எனக்கு அது பிடிக்கேல்லை," என்றாள் பூரணம். "பிடிக்கேல்லை எண்டு முகத்துக்கு நேர சொல்லுறன். ஆனா நீர் ஒளிக்கேல்லை. அதால நானும் ஒண்டை ஒளிக்கேல்லை. உம்மட தொகுதியில என்ர தம்பி நிக்கப்போறான்."

"ஆர்? வழக்குப் பேசுற புறக்டர் தம்பியோ?"

"அவன்தான். ரெண்டு கிழமைக்கு முன்னமே இவருக்கு எழுதிப்போட்டான். அதுதான் இவர் உம்மட்ட றோட்டைக் கேக்கிறார். நீர் ஓம் எண்டாலும் இல்லை எண்டாலும் செவ்வாய்க்கிழமை சங்கம் தம்பிக்குத்தான் எழுதும். உம்மட வாயாலேயே விடுதியைக் கைவிடப் பண்ணிப்போட்டு அனுப்பினா, அவனுக்கு இன்னும் சுகம்."

ஞானாம்பிகை கோப்பையைத் தள்ளி வைத்து நிமிர்ந்தாள். சபையில் தோற்ற ஒரு தீர்மானத்தைப் பற்றிக் கதை சொன்னபோது தவமணி கண்ட முகம் அது. கோபம் இல்லை. கணக்குப் போடுகிற முகம்.

"அப்ப நீங்கள் ஆருக்கு எழுதுவியள், அக்கா?"

"எழுதிறதுக்கு நிறம் தெரியவேணுமே." ஊரில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒவ்வொரு நிறத்தில் வாக்குப்பெட்டி. எழுத்தறியாதவர்கள் நிறம் பார்த்துத்தான் வாக்கைப் போடுவார்கள். வேட்புமனு நாளில்தான் நிறம் தெரியும். "நிறம் தந்தியில வரட்டும். அதுக்குள்ள நான் யோசிக்கிறன். நீர் மற்ற வீடுகளுக்குப் போய்ச் சொல்லும். அட்டை போடாதேயும்." கடைசி வார்த்தை தவமணிக்கு. பிறகு ஞானாம்பிகையின் பக்கம் திரும்பினாள். "அந்தக் கிணத்துக் கதையை மட்டும் நீராய் எடுக்காதேயும்."

"நானாய் எடுக்கமாட்டன். கேட்டாச் சொல்லுவன்."

"கேப்பினம்," என்றாள் பூரணம். "எல்லாரும் கேப்பினம்."

வாசல் வரை வந்தாள். அங்கே நின்று, தவமணியின் கையில் இரண்டு வாழைப்பழத்தை வைத்தாள். அது சமாதானமா, வெறும் மரியாதையா என்று தவமணிக்குத் தெரியவில்லை.

இரவுச் சாப்பாட்டில் ஐயா கேட்டார், பூரணம் என்ன சொன்னாள் என்று. ஞானாம்பிகை எல்லாவற்றையும் சொன்னாள். தம்பி நிற்பதைச் சொன்னாள். தியாகராஜா ஆடிய ஆட்டத்தைக் கேட்டு ஐயாவின் தாடை இறுகியது. "என்னட்ட வேலை பழகின பொடியன்," என்றார். பிறகு அவள் கூரையையும் கிணற்றையும் சொன்னாள்.

ஐயாவின் கை சோற்றில் நின்றது.

"பூரணத்துக்குச் சொன்னனீ. நாளைக்கு எல்லா வீட்டுக்கும் போய்ச் சொல்லப்போறாய்."

"ஓம், ஐயா."

"இந்த வீட்டுக்கு ஆர் வந்து சொன்னது?"

பதிலுக்குக் காத்திருக்காமல் எழுந்து, கையைக் கழுவிவிட்டு, தன் அறைக்குப் போய்விட்டார். கதவைச் சாத்தவில்லை. சாத்தியிருந்தால் கோபம் என்று தெரிந்திருக்கும். திறந்த கதவை என்னவென்று எடுப்பது?

அக்காவும் தங்கையும் ஐயாவின் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தவமணி பாத்திரங்களைக் கழுவி வைத்துவிட்டு நாட்குறிப்பைத் திறந்தாள். காலையில் எழுதிய 'சின்னப் பிழைதான் என்று நினைக்கிறேன்' என்ற வரியை முழுதாக அடித்தாள். அதன் கீழே எழுதினாள்:

இன்றைய பிழை: பூரணம் அக்கா அந்தக் கேள்வியைக் கேட்டபோது நான் தரையைப் பார்த்தேன். அக்கா பொய் சொல்ல வேண்டும் என்று விரும்பினேன்.

நாளை செய்ய வேண்டியது: ஐயா காலைத் தேநீர் குடிக்கும்போது அக்காவும் நானும் அவர் முன்னால் போய் நிற்பது. வெற்றிலைத் தட்டோடு, முறையாக. கூரையையும் கிணற்றையும் இந்த முறை நான் சொல்வது. அவர் என்ன சொன்னாலும் நின்று கேட்பது. அதன் பிறகு கிடைக்கும் முதல் படகில் பாகான் டாலாம், வீடு வீடாகச் சொல்ல.